ஓங்கல் வண்டி

எம்புருஷன் திருவேங்கடம் மோசமான ஆளு இல்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன், அப்புறம் நான் திட்டறதைக் கேட்டுட்டு யாரும் தப்பா நெனச்சுக்கக் கூடாது. கடலுக்குப் போவாரு, வருவாரு, குடி கெடையாது, கை நீட்டினது கெடையாது. ஆனா ஒண்ணு மண்டையில ஏறிச்சுன்னா ஆண்டவனே வந்தாலும் எறக்க முடியாது. அந்தாளுக்குப் பொறந்தது எப்படி இருக்கும்? என் ஜெகாவும் அப்படியேதான்.

ஜெகதீஸ்வரன்னு பேரு வச்சோம், ஜெகான்னு கூப்புடுவோம். ஒரே புள்ளை. எங்க லைட்ஹவுஸ் குப்பத்துல மத்த பசங்க மீசை மொளைக்கறதுக்கு முன்னாடியே போட்டுல ஏறிடுவானுங்க. இவன் அந்த போட்டு எஞ்சினைப் பிரிச்சு மணல்ல பரப்பி வச்சிக்கினு ஒக்காந்திருப்பான். ஐடிஐ படிச்சான். பொன்னேரியில ஒரு ஒர்க் ஷாப்புல வேலைக்குப் போனான். கடல்ல கஷ்டப்படாம கரையிலயே பொழைச்சுக்கட்டும்னு நானும் சந்தோசமாத்தான் இருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, நான் வாசல்ல மீன் காயப் போட்டுக்கினு கீறேன், பழவேற்காடு பாலத்துப் பக்கம் ஒரே கூச்சல். பாத்தா, ஒரு டெம்போவுக்குப் பின்னாடி கயிறு கட்டி ஒரு காரை இழுத்துக்கினு வரான் எம்புள்ள. காரா அது? கோழிக் கூண்டு. நெஜமாத்தான். பழவேற்காட்டுல ஒரு பாய் தோட்டத்துல கெடந்துச்சாம், அவரு அதுக்குள்ள கோழி அடைச்சு வச்சிருந்தாராம். அவரு வீட்டு ஜெனரேட்டரை இவன் சரி பண்ணிக் குடுத்ததுக்கு, 'எடுத்துட்டுப் போப்பா, எடத்தை அடைச்சுக்கினு கீது'ன்னு குடுத்துட்டாராம். சீட்டெல்லாம் கோழிப் பீ. கதவைத் தொறந்தா ஒரு முட்டை வேற உருண்டு வருது.

பக்கத்து வீட்டு கோவிந்தம்மா வாய வச்சிக்கினு சும்மா இருப்பாளா? "இன்னா மாலா, உம்புள்ள மருமவள இட்டாந்துட்டானா? வயசு கொஞ்சம் தூக்கலா இருக்கும் போல கீதே!"

"ஆமாண்டி, சீரோட வந்துகீறா பாரு"ன்னு அந்த முட்டையை எடுத்து அவ கையில வச்சேன். குப்பமே சிரிச்சுது.

அந்த நேரம் பாத்து எம்புருஷன் வராரு. வண்டியை ஒரு சுத்து சுத்தினாரு. பெரிய மெக்கானிக்காட்டம் முன்னாடி மூடியைத் தூக்கிப் பாத்தாரு. உள்ள ஒண்ணுமே இல்ல, காலி. மூஞ்சி செவந்து போச்சு. "டேய், ஏமாந்துட்டியேடா! எஞ்சினைக் கழட்டி எவனோ வித்துட்டான்டா!"

ஜெகா வயித்தைப் புடிச்சிக்கினு சிரிக்கறான். "நைனா, இங்க வா"ன்னு கையைப் புடிச்சு இழுத்துக்கினு போயி பின்னாடி மூடியைத் தொறந்து காட்டினான். எஞ்சின் அங்க ஒக்காந்திருக்கு, துருப்புடிச்சு.

அந்தாளு மூஞ்சியைப் பாக்கணுமே! "அட, நம்ம போட்டு மாதிரிடா! பின்னாடி எஞ்சினு!"ன்னாரு. அதோட முடிஞ்சுது கதை. காலையில வரைக்கும் 'மெக்கானிக் வேலை ஒரு வேலையா'ன்னு பேசிக்கினு இருந்த மனுசன், அப்பனும் புள்ளையுமா ஒரே கட்சி ஆயிட்டாங்க.

வூட்டுக்குப் பின்னாடி கீத்துக் கொட்டா போட்டு அதுல நிறுத்தினாங்க. எப்படி நிறுத்தினாங்க தெரியுமா? மூக்கு கடலைப் பாத்து. போட்டை அப்படித்தான நிறுத்துவோம். 'ஏண்டா, வெளிய எடுக்கணும்னா ரோடு இந்தப் பக்கம் இல்ல கீது'ன்னு நான் கேட்டேன். நைனாதான் அப்படி நிறுத்தச் சொன்னாருன்னான்.

சாயந்திரம் நான் நண்டு பிரிச்சுப் போடுவேன், ஜெகா பக்கத்துல ஒக்காந்து எதையாவது அரத்தால ராவிக்கினே கதை சொல்லுவான். எல்லாம் அந்த வண்டி கதைதான். பிரான்ஸ் தேசத்துல சண்டை முடிஞ்சு ஜனங்க கையில காசு இல்லாத காலத்துல, ரெனோன்னு ஒரு கம்பெனி சின்னக் குடும்பங்களுக்குன்னு பின்னாடி எஞ்சின் வச்சு குட்டி கார் செஞ்சாங்களாம். அது நல்லாப் போனதும் அதுக்குத் தங்கச்சியா இதைச் செஞ்சாங்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தாறுல. நாலு கதவு, அப்பா அம்மா புள்ளைங்க எல்லாம் ஒக்காரலாம். டோஃபின்னு பேரு. அந்த ஊரு ராஜாவோட மூத்த புள்ளை கட்டிக்கிற பொண்ணுக்கு அப்படித்தான் பட்டமாம். இருவது லட்சத்துக்கு மேல வித்துதாம். ஊருக்குள்ள அடிக்க ஒரு ஹாரன், ஊருக்கு வெளிய அடிக்க ஒரு ஹாரன், ரெண்டு வச்சிருக்காங்கம்மான்னு சொல்லுவான். நாங்க குப்பத்துல கத்தற கத்துக்கு எதுடா ஹாரனுன்னு நான் சொல்லுவேன்.

இந்த வண்டி எப்படி இங்க வந்துச்சுன்னும் தேடி வச்சிருந்தான். பிரான்சு பட்டாளத்துல இருந்த பாண்டிச்சேரிக்காரரு ஒருத்தரு கப்பல்ல கொண்டாந்தாராம். அவரு செத்ததும் ஒரு வக்கீலு. வக்கீலுகிட்டருந்து மெட்ராஸ்ல சினிமாவுக்கு கார் வாடகைக்கு விடற ஆளு. அங்கேர்ந்து பாயோட அப்பா. அப்புறம் கோழிங்க. "பாத்தியாம்மா, எம்மாம் பெரிய எடத்துப் பொண்ணு, கடைசியில நம்ம கிட்ட வந்துச்சு"ம்பான். அதைச் சொல்லும்போது அவன் கண்ணு இருக்கே, நான் பெத்தவ, நான்தான் பாத்திருக்கேன்.

முன்னாடி ஒரு சின்ன தகடு, அதுல மூணு மீனு. கோழிப் பீயை சொரண்டி எடுத்ததும் எம்புருஷன் அதை உத்துப் பாத்துட்டு, "இது ஓங்கல்டா"ன்னாரு. ஓங்கல்னா நீங்க டால்பின்னு சொல்றீங்களே, அது. எங்க ஆளுங்க ஓங்கலைப் புடிக்க மாட்டாங்க. வலையில மாட்டுச்சுன்னா வலை போனாலும் பரவால்லன்னு அறுத்து உட்டுடுவாங்க. அந்தாளு தகட்டைத் தொட்டு கண்ணுல ஒத்திக்கினாரு. அதோட டோஃபின் போச்சு, ஓங்கல் வண்டின்னே பேரு ஆயிடுச்சு.

இன்னொண்ணு நடந்துச்சு. எஞ்சின் பின்னாடி கீதே, முன்னாடி கனம் இல்லையே, போட்டுன்னா மூக்கு தூக்குமேன்னு எம்புருஷன் சொன்னாரு. ஒரு மணல் மூட்டையைத் தூக்கியாந்து முன்னாடி டிக்கியில வச்சாரு. ஜெகா கையில இருந்ததைக் கீழ போட்டுட்டான். "நைனா! அந்தக் காலத்துல பிரான்சுலயே இப்படித்தான் மூட்டை வச்சு ஓட்டினாங்களாம். நீ எப்படி கண்டுபுடிச்ச?"ன்னான். அவ்ளோதான். அந்தாளுக்குத் தலை கால் புரியல. ஒரு வாரம் குப்பத்துல பாத்தவங்ககிட்டல்லாம் மணல் மூட்டை கதைதான். அன்னிலேர்ந்து அது காரு இல்ல, கரையில ஓடற போட்டுன்னே அவரு முடிவு கட்டிட்டாரு. கேட்டா, 'போட்டுக்கு இன்னாவோ அதான் இதுக்கும்'பாரு.

அமெரிக்காவுக்கு இந்த வண்டியைக் கப்பல் கப்பலா அனுப்பினாங்களாம். அங்க பனி கரையறதுக்கு ரோட்டுல உப்பு போடுவாங்களாம். அந்த உப்புல அடித்தகடு உளுத்து உளுத்துக் கொட்டிடுச்சாம். ஜெகா இதைச் சொன்னதும் எம்புருஷன் பதறிட்டாரு. நாங்க ஒரு பக்கம் கடலு, ஒரு பக்கம் உப்புத் தண்ணி ஏரி, நடுவுல உப்புக் காத்தையே மூச்சா இழுத்துக்கினு கெடக்கறவங்க. மறுநாளே ஃபைபர் துணியும் ரெசின் பசையும் வாங்கியாந்து போட்டுக்கு ஒட்டு போடற மாதிரி வண்டிக்கு அடியில பூராவும் ஃபைபர் ஒட்டு போட்டுட்டாரு. "இப்ப வரட்டும் உப்பு"ன்னாரு.

ரெண்டு வருசம் ஆச்சு. பிரான்சுலேர்ந்து தபால்ல சின்னச் சின்னப் பொட்டலமா சாமான் வரும். பெரம்பூர்ல தருமலிங்கம்னு ஒரு பெரியவரு, பழைய கார்ங்க வேலைதான் அவருக்கு உசுரு. அவரு போன்ல சொல்லச் சொல்ல ஜெகா செய்வான். போன ஆவணியில ஒரு நாளு நான் அடுப்பாண்ட கீறேன், பின்னாடி ஒரு சத்தம். டுக்கு டுக்குன்னு சின்னதா, நடுவுல ஒரு எட்டு தவறும், அப்புறம் ஓடியாந்து சேந்துக்கும். கரண்டியோட ஓடினேன். ஜெகா கையெல்லாம் கருப்பு, மூஞ்சியெல்லாம் கருப்பு, பல்லு மட்டும் தெரியுது. எம்புருஷன் அவனைத் தூக்கிச் சுத்தறாரு, இருவத்தி நாலு வயசுப் புள்ளைய.

போன்ல கேட்டுட்டு தருமலிங்கம் சொன்னாராம், ஒரு எட்டு தவறுதுப்பா, அந்த ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பு, சரியாயிடும்னு. ஜெகா திருப்பல. "இருக்கட்டும் சார், இந்தச் சத்தம் எனக்குப் புடிச்சுகீது"ன்னுட்டான்.

தை மாசத்துல மெட்ராஸ்ல பழைய கார்ங்கல்லாம் ஒண்ணு கூடுமாம், ஜனங்க வந்து பாப்பாங்களாம். அதுல நம்ம ஓங்கல் வண்டியும் நிக்கணும்னு பேரு குடுத்துட்டான். கோவிந்தம்மா ஒரு புதுப் புடவை வேற எடுத்துட்டா, மருமவ ஊர்வலத்துக்குன்னு.

ஐப்பசியில அவனுக்குக் காய்ச்சல் வந்துச்சு.

எங்க குப்பத்துல புள்ளைங்க கடல்ல போயிருக்கு. முகத்துவாரத்துல போட்டு கவுந்து போயிருக்கு. ரோட்டுல போயிருக்கு. நான் ஒவ்வொரு நாளும் அதுக்குத்தான் பயந்தேன், அதுக்குத்தான் எல்லையம்மனுக்கு வேண்டிக்கினேன். கொசுவுக்கு நான் வேண்டிக்கல. ஒரு கொசு. டெங்குன்னாங்க. ஆஸ்பத்திரியில ராவும் பகலும் பாத்தாங்க, ஒண்ணும் குறை சொல்ல முடியாது. ரத்தத்துல ஏதோ எறங்கிக்கினே போவுதுன்னாங்க. எறங்கிக்கினே போச்சு.

படுத்துக்கினு அவன் நைனாகிட்ட சொன்னது ஒண்ணுதான். "நைனா, வண்டியைச் சும்மா உட்டுடாத. தெனம் கொஞ்ச நேரம் ஸ்டார்ட் பண்ணு. தண்ணி குறையும், பாத்து ஊத்து. நான் வந்து அந்த லீக்கைப் பாக்கறேன்." வருவேன்னுதான் அவனும் நெனச்சான். நாங்களும் நெனச்சோம்.

அவனை எடுத்த பிறகு எம்புருஷன் அழல. பேசல. ஜெகான்னு பேரைக்கூட எடுக்கல. நான் மார்ல அடிச்சிக்கினு கத்தறேன், அந்தாளு செவுத்தைப் பாத்துக்கினு ஒக்காந்திருக்காரு. எனக்கு ஆத்திரமா வரும். 'நீயெல்லாம் மனுசனாய்யா'ன்னு கேட்டிருக்கேன்.  ஆனா காரியம் முடிஞ்ச மறுநாளு எழுந்து கடலுக்குப் போனாரு. காலையில திரும்பி வந்தாரு, ஈர லுங்கியோட நேரா பின்னாடி போனாரு. ஸ்டார்ட் பண்ணாரு.

அந்தச் சத்தம். டுக்கு டுக்கு, ஒரு எட்டு தவறி, ஓடியாந்து சேந்துக்கிற சத்தம். நான் கஞ்சி கிண்டிக்கினு கீறேன், என் வாய் தானா கத்துது, "ஜெகா, ஆறிடும்டா, வந்து குடிச்சிட்டுப் போ"ன்னு. கத்தி முடிச்ச பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. அப்படியே அடுப்பு முன்னாடி ஒக்காந்துட்டேன்.

அதை நான் யாருகிட்டயும் சொல்லல. சொன்னா பைத்தியம்னுவாங்க. ஆனா மறுநாளு காலையில அந்தச் சத்தத்துக்காகக் காத்துக்கினு இருந்தேன். அதுக்கு மறுநாளும். அந்த அஞ்சு நிமிசம், அவன் பின்னாடி குனிஞ்சு நின்னு ஏதோ பண்ணிக்கினு கீறான், அவ்ளோதான். நாள் பூரா செத்துக் கெடப்பேன், அந்த அஞ்சு நிமிசம் மட்டும் எனக்கு ஒரு புள்ளை இருக்கும்.

எம்புருஷனுக்கும் அப்படித்தான்னு நெனைக்கிறேன். வண்டியை யாரையும் தொட உட மாட்டாரு. பொன்னேரியிலேர்ந்து ஜெகாவோட வேலை செஞ்ச பசங்க வந்து, "அங்கிள், கார்புரேட்டரை ஒரு தடவ சுத்தம் பண்ணிடலாமா"ன்னு கேட்டானுங்க. "அவன் வச்சது அப்படியே இருக்கட்டும்"னு அனுப்பிட்டாரு. இந்தத் தை போயிடுச்சு, அடுத்த தைக்கு நானே கொண்டு போறேன், அவன் வச்ச எஞ்சினோட, அவன் வச்ச சத்தத்தோடன்னு தருமலிங்கத்துகிட்ட போன்ல சொன்னாரு. எட்டு மாசத்துல அவரு பேசின நீளமான பேச்சு அதுதான்.

தெனமும் ஒரு பழைய ஆயில் கேனை எடுத்துக்கினு ஏரிக்குப் போவாரு. மொண்டுக்கினு வந்து, துணி போட்டு வடிகட்டி, பாத்துப் பாத்து ரேடியேட்டர்ல ஊத்துவாரு. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன். கோவிந்தம்மாவும் பாத்தா, குப்பமே பாத்துச்சு. எவனுக்கும் ஒண்ணும் தோணல. எப்படித் தோணும்? எங்களுக்கு எஞ்சின்னா போட்டு எஞ்சின்தான். அது நாள் பூரா உப்புத் தண்ணியைக் குடிச்சு, குடிச்சதை வெளிய துப்பிக்கினேதான் ஓடும். போட்டு எடுத்ததும் மொதல்ல, எஞ்சின் ஒண்ணுக்குப் போவுதான்னு எட்டிப் பாப்பாங்க, போவலன்னாதான் பேஜாரு. நல்ல தண்ணி எங்களுக்கே லாரி வந்தாத்தான். கொடத்தை வரிசையில வச்சு சண்டை போட்டு புடிக்கற தண்ணிய யாராச்சும் எஞ்சினுக்கு ஊத்துவாங்களா? ஜெகா வீட்டுக்குப் பின்னாடி என்ன தண்ணிய ஊத்தினான்னு நாங்க எவரும் பாத்ததில்ல. தண்ணி ஊத்துன்னான். அவ்ளோதான் சொன்னான்.

ஆனி மாசக் கடைசியில ஒரு காலையில சத்தம் வரல. இருமல் வந்துச்சு. மறுபடி ஒரு இருமல். பின்னாடி வெள்ளையா பொகை. நான் போய்ப் பாத்தா அந்தாளு ஆயில் கம்பியை உருவிக் கையில வச்சிக்கினு நிக்கறாரு. அதுல ஆயில் இல்ல, டீ மாதிரி என்னமோ ஒட்டிக்கினு கீது. மூணு நாளு ஸ்டார்ட்டிங் கம்பியை மாட்டி கையால சுத்திச் சுத்திப் பாத்தாரு. கை தோலு உரிஞ்சு போச்சு. நாலாம் நாளு ஜெகாவோட போனை எடுத்து, "தருமலிங்கம் சார், கொஞ்சம் வர முடியுமா?"ன்னு கேட்டாரு. அவரு கெஞ்சி நான் கேட்டது அன்னிக்குத்தான்.

தருமலிங்கம் வந்தாரு. எழுவது வயசு இருக்கும், ஒல்லியா, கண்ணாடி போட்டுக்கினு. ஜெகாவை நேர்ல அவரு பாத்ததே இல்லையாம், போன்ல பேசினதுதான். செவுத்துல மாலை போட்ட போட்டோவை ரொம்ப நேரம் பாத்துக்கினு நின்னாரு. "குரலை வச்சு இன்னும் பெரிய ஆளா நெனச்சிருந்தேம்மா"ன்னாரு. 

அவரை மட்டும் வண்டியைத் தொட உட்டாரு எம்புருஷன். பக்கத்துல நின்னு ஒவ்வொரு போல்ட்டையும் தன் கையில வாங்கிக்கினாரு. எஞ்சின் மேல கீற ஹெட்டு மூடியைத் தூக்கற நேரம் பாத்து நான், "யோவ், பெரியவரு வெயில்ல நிக்கறாரு, ஜல்தியா போயி எளநீர் வாங்கியா"ன்னு அனுப்பினேன்.

அந்தாளு அங்கிட்டுப் போனதும் தருமலிங்கம் மூடியைத் தூக்கித் திருப்பினாரு. உள்ளாற வெள்ளை வெள்ளையா சுண்ணாம்பு பூத்த மாதிரி. அங்கங்க எலி கடிச்சாப்புல ஓட்டை. அவரு கண்ணாடியைக் கழட்டித் தொடச்சுட்டு மறுபடி பாத்தாரு.

"அம்மா, இதுக்கு என்ன தண்ணி ஊத்தினீங்க?"

"ஏரித் தண்ணிதான் சார்."

 அவரு மூஞ்சி மாறினதை நான் பாத்துட்டேன். "இன்னா சார்? சொல்லுங்க சார்"ன்னேன். மெதுவாச் சொன்னாரு. இது போட்டு எஞ்சின் மாதிரி இல்லம்மா, இதுல ஊத்தற தண்ணி வெளிய போகாது, உள்ளயே சுத்தி சுத்தி வரும். உப்பு அப்படியே தங்கி, சூட்டுல அலுமினியத்தைத் தின்னுட்டுது. கீழ இரும்பும் போயிருக்கும். நல்ல தண்ணிதான் ஊத்தணும்.

 வண்டி எனக்கு நெனப்புலயே வரல. தெனமும் அந்தாளு கேனைத் தூக்கிக்கினு போனது, துணி போட்டு வடிகட்டினது, ஒரு சொட்டு கீழ சிந்தாம ஊத்தினது, அதெல்லாம் கண்ணு முன்னாடி வந்துச்சு. நான் அந்தப் பெரியவரு கையைப் புடிச்சுக்கினேன். "சார், உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன். அந்தாளுகிட்ட சொல்லிடாதீங்க. வயசான வண்டி, அதான் போச்சுன்னு சொல்லுங்க. தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாரு சார்."

அவரு தலையாட்டினாரு.

எம்புருஷன் எளநீரோட வந்தாரு. எங்க ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்தாரு. "இன்னா சார் ஆச்சு?"

"அறுவது வருசத்து வண்டிங்க"ன்னு தருமலிங்கம் ஆரம்பிச்சாரு. பொய் சொல்லிப் பழக்கமே இல்ல போல அந்த மனுசனுக்கு. "வயசாயிடுச்சு. ஹெட்டு தேஞ்சு போச்சு. இது எப்ப வேணா நடக்கறதுதான். யாரு கையிலயும் இல்ல."

எம்புருஷன் எளநீரைக் கீழ வச்சாரு. குனிஞ்சு அந்த மூடியைப் பாத்தாரு. வெள்ளையா இருந்ததை வெரலால தேச்சாரு. நான், "யோவ், அதைத் தொடாத, அழுக்கு"ன்னு கத்தறேன், அதுக்குள்ள வெரலை நாக்குல வச்சுட்டாரு.

பொறந்ததுலேர்ந்து இந்தத் தண்ணியில கெடக்கற ஆளு. அவருகிட்ட எவன் பொய் சொல்ல முடியும்?

 குந்தினபடியே, "நம்ம ஏரி"ன்னாரு. தருமலிங்கத்தைப் பாத்தாரு. "நான் ஊத்தினது. இல்ல சார்?"

தருமலிங்கம் தலையைக் குனிஞ்சுக்கினாரு.

"அவன் தண்ணி ஊத்துன்னான் சார். நான் ஊத்தினேன். ஒரு நாளு உடல. மழையில கூட போயி மொண்டாந்தேன்." அப்புறம் வாயில வாயில அடிச்சிக்க ஆரம்பிச்சுட்டாரு. "எம்புள்ள உசுரோட உட்டுட்டுப் போனதை நான் கொன்னுட்டேனே! என் கையாலயே ஊத்தி ஊத்திக் கொன்னுட்டேனே!"

எனக்கு எங்கேர்ந்து அவ்ளோ கோபம் வந்துச்சோ தெரியல. அந்தாளு ரெண்டு கையையும் புடிச்சு இழுத்தேன். "யாரைய்யா கொன்ன? யாரைக் கொன்ன நீ? அது இரும்பு! எம்புள்ளைய கொசு கொன்னுச்சு. நீ கொல்லல, நான் கொல்லல. எட்டு மாசமா ஒரு சொட்டு கண்ணீர் உடாம இருந்துட்டு இப்ப இந்த இரும்புக்கு அழுவறியா? அவனுக்கு அழுவுய்யா! அவனுக்கு அழுவு!"

அழுதாரு. அந்த வண்டி டயர்ல முட்டிக்கினு, கோவிந்தம்மா வீட்டுக் கூரை வரைக்கும் கேக்கற மாதிரி அழுதாரு. ஜனங்க ஓடியாந்துட்டாங்க. தருமலிங்கம் அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கினு மூக்கைச் சிந்தினாரு.

எல்லாம் அடங்கின பிறகு தருமலிங்கம் சொன்னாரு. பாண்டிச்சேரியில ஒரு சிநேகிதன்கிட்ட இதே எஞ்சினோட சாமான் இருக்கும்மா. பெரம்பூருக்கு எடுத்துட்டுப் போயி நான் சரி பண்றேன். ஒரு ரூபா வேண்டாம். தைக்கு ஓட்டிக்கினு வந்து நிறுத்தறேன், ஜெகதீஸ்வரன்னு பேரு போட்டு.

நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "சார், அந்தச் சத்தம் வருமா?"

அவரு புரிஞ்சுக்கினாரு. பொய் சொல்லலாம், சொல்லல. "வண்டி நல்லா ஓடும்மா. ஆனா எல்லாத்தையும் பிரிச்சு, மறுபடி வேற சாமான் போட்டு வைக்கணும். உங்க புள்ளை வச்ச சத்தம் இனிமே வராது."

"அப்ப குடுக்க மாட்டேன்"னேன். "இங்கயே கெடக்கட்டும். துருவாப் போனாலும் என் கண்ணு முன்னாடி போவட்டும்."

எம்புருஷன்தான் சொன்னாரு. "குடுத்துடு மாலா. நம்மகிட்ட இருந்தா அது மறுபடி கோழிக் கூண்டுதான். அவன் அதுக்கா ரெண்டு வருசம் தேச்சான்?"

நான் எவ்ளோ பேசியிருப்பேன், எவ்ளோ கத்தியிருப்பேன் இத்தினி வருசத்துல. அன்னிக்குத் தலையை மட்டும் ஆட்டினேன்.

ரெண்டு நாள் கழிச்சு லாரி வந்துச்சு. பலகை சாய்ச்சுப் போட்டு கயிறு கட்டி இழுத்தாங்க. ஸ்டீரிங் புடிக்க ஒரு ஆளு உள்ள ஒக்காரணும்னாங்க. எம்புருஷன் ஏறினாரு. அந்த சீட்டுல அவரு ஒக்காந்தது அன்னிக்குத்தான், இத்தினி நாளும் வெளிய நின்னு கையை உட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுவாரு. வண்டி மேல ஏறினதும் எறங்கி, கதவைச் சாத்தி, கயிறு இறுக்கமா கீதான்னு தானே ஒரு தடவை இழுத்துப் பாத்தாரு. கோவிந்தம்மா ஒரு கற்பூரத்தைக் கொளுத்திச் சுத்தினா. கிண்டல் பண்ணல. லாரி பாலத்துப் பக்கம் திரும்பற வரைக்கும் எல்லாரும் நின்னோம்.

மறுநாளு வழக்கம்போல கடலுக்குப் போனாரு. காலையில நான் கஞ்சி வச்சிக்கினு கீறேன். அவரு வந்த சத்தம் கேட்டுச்சு, வலையை எறக்கின சத்தம் கேட்டுச்சு. அப்புறம் பழக்க தோசத்துல பின்னாடி நடந்து போறது கேட்டுச்சு. நான் கரண்டியை அப்படியே புடிச்சிக்கினு காத்துக்கினு இருந்தேன், ஏன்னு எனக்கே தெரியல. ஒண்ணும் கேக்கல. ரொம்ப நேரம் கழிச்சு ஈர லுங்கியோட உள்ள வந்தாரு. யாரையோ தேடிப் போயி, வீட்டுல இல்லன்னு திரும்பி வந்த ஆளு மாதிரி வாசப்படியாண்ட நின்னாரு.

"மாலா, ஜெகா இல்ல"ன்னாரு.

அடுப்பைத் தணிச்சுட்டு, "ஆமாய்யா, ஜெகா இல்ல"ன்னேன். எம்புள்ள இல்லன்னு நான் வாயத் தொறந்து சொன்னது அதான் மொத தடவை.